அமிர்தசரஸில் அடுப்பும் தந்தூரும்

அமிர்தசரஸ் என்றதும் பொற்கோயிலும் ஜாலியன்வாலா பாகும் எவர் நினைவுக்கும் வரும். அவ்விரண்டையும் பற்றி எழுதியவர் பலர். நாங்கள் எழுத வந்தது அவ்வூர் நெருப்பைப் பற்றி. காலையும் மாலையும் சந்துதோறும் எரியும் தந்தூர் நெருப்பு ஒன்று. எங்கள் வீட்டுச் சமையலறையில் எரியும் அடுப்பு நெருப்பு மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே நின்று ஒரு குளிர்காலம் முழுவதும் நாங்கள் பட்ட குழப்பம், வெளி மாநிலங்களில் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்குச் சற்றுப் பயன்படலாம் என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

ரயில்வே உத்தியோகத்தில் மாற்றல் புதிதன்று. உத்தரவு வந்ததும் சாமான்களை மூட்டை கட்டினோம். தந்தையார் காலமானபின் விருத்தாசலத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் தனித்திருந்த அன்னையாரையும் இம்முறை உடன் அழைத்துக்கொண்டோம். இல்லத்தரசி, ஒன்பது வயது மகள், அன்னையார் ஆகியோருடன் அமிர்தசரஸ் நிலையத்தில் இறங்கியது அக்டோபர் மாதத்தில். வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. இவ்வளவு இனிய ஊரா என்று வியந்தோம். அவ்வியப்பு டிசம்பர் வரையில் நீடித்தது.

நிலையத்திலிருந்து சற்று நடந்தால் ஹால் கேட் என்னும் பெரிய வாயில். அதனுள் புகுந்தால் பழைய நகரம். சீக்கியரின் நான்காம் குருவான ராம்தாஸ் 1577-ஆம் ஆண்டில் வெட்டுவித்த திருக்குளத்தின் பெயரே அமிர்தசரஸ். அப்பெயரே ஊருக்கும் ஆயிற்று. குளத்தைச் சுற்றிக் ‘கட்ரா’ என்று வழங்கும் பேட்டைகள். ஒரு கட்ராவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் சந்துகள் சைக்கிளும் மாடும் எதிர்ப்பட்டால் ஒன்று பின்வாங்கவேண்டிய அளவுக்குக் குறுகியவை. அச்சந்துகளில் வழிதவறிய எங்களுக்கு முதலில் புலப்பட்டது, சுட்ட மாவின் மணம்.

மணத்தைத் தொடர்ந்து சென்றால் ஒரு தந்தூர் இருந்தது. நம் ஊர் நெற்குதிர் ஒன்றைச் சிறிதாக்கி, வயிறு பருத்து வாய் குறுகும்படி வனைந்தால் எப்படியிருக்குமோ, அப்படியிருக்கிறது அது. களிமண்ணோடு வைக்கோலும் விலங்கு மயிரும் சேர்த்துப் பிசைந்து, வளையம் வளையமாக ஏற்றி, நிழலிலும் வெயிலிலும் உலர்த்திச் செய்கின்றனர். வெளிப்புறம் மண் மேடை கட்டி மூடியிருக்கும். அடியில் காற்றுப் புக ஒரு துளை உண்டு. உள்ளே விறகோ கரியோ எரிந்து தணலானதும் சுவர் முழுவதும் காய்ந்துவிடும். வெப்பம் 400 பாகை செல்சியஸைத் தொடுவதுண்டு. பிசைந்த மாவைத் தட்டி, நீர் தெளித்து, ஒரு சிறு திண்டின்மேல் இட்டு, கையை உள்ளே விட்டுச் சுவரில் அறைகின்றனர். ஈரம் பட்ட மாவு சுவரைப் பற்றிக்கொள்கிறது. ஓரிரு நிமிடங்களில் உப்பிச் சிவக்கிறது. நீண்ட இரும்புக் கம்பிகள் இரண்டால் அதனை எடுத்துக் கூடையில் எறிகின்றனர். சுவர் போதிய அளவு காயாவிட்டால் மாவு நழுவித் தணலில் விழும். மிகக் காய்ந்துவிட்டால் ஒருபுறம் கரியாகும். பக்குவம் அறிந்த கைக்கே இவ்வடுப்பு பணியும்.

மேற்புறம் தணலின் அனல், பின்புறம் சுவரின் சூடு, நடுவே சுழலும் வெங்காற்று ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் தாக்குவதே தந்தூரின் இரகசியம். அமிர்தசரஸின் புகழ்பெற்ற குல்ச்சா, உருளைக்கிழங்கை உள்ளடக்கிப் பல மடிப்புகளாய் மொறுமொறுவென்று வருவது இதனால்தான். அதனைத் தோசைக்கல்லில் செய்து பார்த்தோம். சுவையான பண்டமே வந்தது; ஆனால் அது குல்ச்சா அன்று.

இவ்வடுப்பு மிகப் பழமையானது. ராஜஸ்தானத்துக் காளிபங்கனில், சிந்துவெளி நாகரிக காலத்து மனைகளில், தந்தூரை ஒத்த மண்ணடுப்புகளை அகழ்ந்து கண்டிருக்கின்றனர். 1947-இல் நாடு பிரிந்தபோது மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புறத்திலிருந்தும் வந்த அகதிகள் இதனைத் தில்லிக்கும் கொண்டுவந்தனர். இன்று இந்தியா முழுவதும் உணவு விடுதிகளில் தந்தூர் இருப்பதற்கு அம்மக்களின் உழைப்பே காரணம்.

எங்களைக் கவர்ந்தது இவற்றினும் வேறொன்று. அச்சந்தில் பெண்கள் வீட்டிலேயே மாவு பிசைந்து, தாம்பாளத்தில் வைத்து, ஈரத்துணியால் மூடி எடுத்து வந்தனர். தந்தூரின் சொந்தக்காரர் சில்லறைக் கூலி பெற்றுக்கொண்டு சுட்டுக் கொடுத்தார். ‘சாஞ்சா சூல்ஹா’, அதாவது பொது அடுப்பு, என்று இதற்குப் பெயர். வீட்டுக்கு வீடு எரிவாயு வந்தபின் இவ்வழக்கம் பெரிதும் குறைந்துவிட்டது. எனினும் சில சந்துகளில் இன்றும் நின்று நிலவுகிறது. பிஸ்கோத்துக்கும் இதே ஏற்பாடு உண்டு. கோதுமை மாவு, நெய், சர்க்கரை ஆகியவற்றை வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் ‘பட்டி’ எனப்படும் பெரிய சூட்டடுப்பில் கொடுத்தால், கண்ணெதிரே பிசைந்து சுட்டுத் தருகின்றனர். டின் நிறைய வீட்டுக்கு வருகிறது.

பிறிதொரு நாள் பொற்கோயிலின் குரு ராம்தாஸ் லங்கருக்குச் சென்றோம். சாதாரண நாட்களிலேயே 50,000 பேருக்கு மேல் அங்கு உண்கின்றனர். அவ்வளவு ரொட்டியும் தந்தூரில் சுடப்படுவதாகவே எண்ணியிருந்தோம். சென்று பார்த்தால், கட்டிலகலத்துக்கு இரும்புத் தகடுகள். அவற்றின் அடியில் தீ. சுற்றிலும் தொண்டர்கள் அமர்ந்து ரொட்டி திருப்புகின்றனர். கூட்டம் மிகும்போது இயந்திரமும் ஓடுகிறது. காரணத்தை யோசித்துப் பார்த்தோம். தந்தூருக்கு வாய் ஒன்று, அதில் நுழையும் கையும் ஒன்று. விரிந்த தகட்டைச் சுற்றிப் பத்துப்பேர் அமரலாம். பழகாத கையும் அங்கே பணி செய்யலாம். எந்த அடுப்பு உயர்ந்தது என்பதைவிட, யாருக்கு, எதற்கு, எத்தனை பேருக்கு என்பதே முதற் கேள்வி என்பதை லங்கரில்தான் உணர்ந்தோம். ஆனால் அவ்வுணர்வு எங்கள் வீட்டு விவகாரத்தில் உடனே கைகொடுக்கவில்லை.

டிசம்பர் பிறந்தது. மூடுபனி கவிந்தது. எங்கள் ரயில்களெல்லாம் மணிக்கணக்கில் தாமதமாயின. இரவில் குளிர் ஐந்து பாகைக்கும் கீழே இறங்கிற்று. வீட்டில் மாவு புளிப்பது நின்றது.

இட்லி மாவு புளிக்க 30 பாகையை ஒட்டிய வெப்பம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரமாவது வேண்டும். எங்கள் சமையலறையோ இரவில் பனிப்பெட்டி போலிருந்தது. அரிசியில் குறையில்லை, பஞ்சாபில் ‘சேலா’ என்னும் புழுங்கலரிசி நன்றாகவே கிடைக்கிறது. உளுந்தும் நல்ல உளுந்து. ஆனால் அரைத்து வைத்த மாவு காலையில் அரைத்தபடியே கிடந்தது. கம்பளி சுற்றினோம், வெந்நீர்ப் பாத்திரத்தினுள் இறக்கி வைத்தோம், இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் முறை மாவு பொங்காமல் வாடை மட்டும் கெட்டுப்போனபோது, இல்லத்தரசி அதனைக் கொட்டிவிட்டு வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர்களுக்கு ஊர் உணவு இல்லாமற் போவதை நாம் சிறு விஷயமாகக் கருதுகிறோம். அன்னையாருக்குப் பற்கள் இல்லை. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இரவில் சோறு உண்டால் அந்தக் குளிருக்குக் கபம் கட்டும் என்பது அவருடைய நம்பிக்கை. சோடா உப்பு இட்டு இட்லி செய்ததும் உண்டு. நாவில் வைத்ததுமே கண்டுபிடித்து, தட்டை மெல்ல நகர்த்தினார். கழுத்தெலும்பு தெரிய இளைத்துவிட்டார். ஒரு நாள் இரவு எங்களை அருகே அழைத்து, “அப்பா, என்னை ஊரிலே கொண்டுபோய் விட்டுவிடு. கஞ்சியோ கூழோ காய்ச்சிக் குடித்துக்கொண்டு என் பாட்டுக்குக் கிடக்கிறேன்,” என்றார். ஊரில் பூட்டிய வீட்டையும், அவரைப் பார்த்துக்கொள்ள எவரும் இல்லாததையும் எண்ணி எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

அலுவலகத்து நண்பர் ஒருவர் வழி சொன்னார். மின்சார ஓவன் ஒன்று வாங்கி, அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை வைத்துக் கதவைச் சாத்தினால் புளித்துவிடுமாம். மகளுக்கு ஏற்கனவே கேக் ஆசை. “அவன் வாங்கலாம், அவன் வாங்கலாம்,” என்று குதிக்கத் தொடங்கினாள். அன்னையார் திடுக்கிட்டு, “எவனை வாங்குவது?” என்று கேட்டார். அத்தனை நாளுக்குப்பின் வீட்டில் அன்றுதான் சிரிப்பொலி கேட்டது.

தசராவை ஒட்டி வந்த போனஸ் தொடாமல் இருந்தது. கடைக்குச் சென்றோம். அழகான பெட்டி, கண்ணாடிக் கதவு, மூன்று திருகுகள். விலை போனஸில் பாதிக்கும் மேல். வாங்கிவிடுவோம் என்றே சென்றவர்கள், கடைக்காரரிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டபின் நின்று யோசித்தோம்.

ஓவன் தீய பொருள் அன்று. அதன் நன்மைகளைச் சொல்லிவிடுவது நியாயம். பண்டத்தைச் சுற்றிலும் ஒரே சீராகச் சூடு பரவும், கிளறவேண்டியதில்லை, குறித்த நேரத்தில் தானே நிற்கும். கேக்கும் ரொட்டியும் பிஸ்கோத்தும் அன்றாடம் உண்ணும் குடும்பத்துக்கு அது பேருதவி. ஆனால் அது தருவது உலர்ந்த வெப்பம். நம் சமையலோ பெரும்பாலும் நீரையும் ஆவியையும் நம்பியது. சோறு கொதிப்பது 100 பாகையில். இட்லி வேகும் ஆவியும் அதே அளவு. குக்கரில் ஏறக்குறைய 120 பாகை. தாளிப்பதற்குக் கண்ணெதிரே தீயைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். கடுகு வெடித்த கணத்தில் இறக்கவேண்டும். இவற்றுள் ஒன்றையும் ஓவன் செய்யாது. மேலும் பண்டம் வைக்குமுன் வெறும் பெட்டியைப் பத்து நிமிடமேனும் காயவிடவேண்டும். 1,600 வாட் பெட்டி முழு வேகத்தில் ஒரு மணி நேரம் எரிந்தால் 1.6 யூனிட் மின்சாரம். அதற்கெனக் கனமான 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற கம்பியும் வேண்டும். எங்கள் பழைய குவார்ட்டர்ஸின் சமையலறையில் அது இல்லை. தந்தூரி ரொட்டியாவது வருமா என்று கேட்டோம். அப்பெட்டி 250 பாகைக்கு மேல் ஏறாது. ஆக, மாவு புளிக்க ஒரு விளக்கின் சூட்டுக்காகவே அவ்வளவு பணமும் கொடுக்க வேண்டியிருந்தது. அன்னையாரின் முகத்தை நினைத்தால் அதுவும் தகும் என்று தோன்றிற்று. மறுநாள் சொல்வதாகக் கூறி வீடு திரும்பினோம்.

தமிழில் இதனை யோசித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். தோசையையும் சுடுகிறோம், வடையையும் சுடுகிறோம், பானையையும் சுடுகிறோம். மூடிய நெருப்பு நமக்குத் தெரியாததன்று. சூளை என்று அதற்குப் பெயரும் உண்டு. ஆனால் சூளையைச் செங்கல்லுக்கும் பானைக்கும் விட்டுவிட்டு, உணவுக்குத் திறந்த அடுப்பையே நம் முன்னோர் வைத்துக்கொண்டனர். ஒரே தீயில் இரண்டாவது பாத்திரமும் காயக் கொடியடுப்பு அமைத்தனர். கல்யாணத்துக்குக் கோட்டையடுப்பு வெட்டினர். சோறும் குழம்பும் உண்பவர்க்கு அதுவே பொருத்தம். கோதுமை விளையும் நாட்டில், குளிரில், ரொட்டி உண்பவர்க்குத் தந்தூர் பொருத்தம். பொருத்தம் என்பது ஊரையும் உணவையும் பொறுத்தது.

எங்கள் குடியிருப்பின் பின்வாசலை அடுத்த சந்திலும் ஒரு பொதுத் தந்தூர் உண்டு. அதனை நடத்துபவர் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. எல்லாரும் அவரைப் ‘பீஜி’ என்று அழைப்பர். தாய் என்று பொருள். அன்று மாலை ரொட்டி வாங்கச் சென்ற இல்லத்தரசியின் முகவாட்டத்தைக் கண்டு, “என்ன மகளே?” என்று கேட்டிருக்கிறார். இல்லத்தரசி தமக்குத் தெரிந்த இந்தியில் மாவின் கதையைச் சொன்னார். பீஜி பெரிதாகச் சிரித்தார். அவர் மறுநாள் ரொட்டிக்கான புளித்த மாவை, ‘கமீர்’ என்பதை, எங்கே வைக்கிறார் தெரியுமா? தந்தூரின் மேடைமேல். இரவு ஒன்பது மணிக்குத் தீ தணிந்தாலும் மண் விடியும்வரை சூட்டை விடாது. “இங்கே கொண்டுவந்து வை,” என்றார்.

முதல் நாள் ஆசை மிகுதியால் தந்தூரின் வாயருகே பாத்திரத்தை வைத்துவிட்டோம். காலையில் பார்த்தால் ஒரு பக்கத்து மாவு பாத்திரத்திலேயே வெந்து கட்டியாகியிருந்தது. பீஜி தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் அவரே பாத்திரத்தை வாங்கி, பழைய ரஜாய் ஒன்றில் சுற்றி, மேடையின் கீழ்ப்படியில் மூலையில் வைத்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு மூடுபனியினூடே சென்று மூடியைத் திறந்தோம். மாவு விளிம்புவரை பொங்கி, மேலே நுரைத்து நின்றது. அந்த மணம் எங்களுக்கு ஊரையே கொண்டுவந்தது.

தந்தூரின் சூட்டில் புளித்த மாவு அடுப்பின் ஆவியில் வெந்தது. அன்னையார் நான்கு இட்லி உண்டார். ஐந்தாவதைக் கையில் எடுத்து, “இதை அந்த அம்மாளுக்குக் கொடுத்தாயா?” என்று மருமகளைக் கேட்டார். பின்னர் தாமே முக்காடிட்டுக்கொண்டு தட்டுடன் புறப்பட்டார். பீஜி சட்டினியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கி, தயிரும் ஊறுகாயும் சேர்த்து இட்லியை உண்டார். எங்களுக்கு விசித்திரமாயிருந்தது, அவருக்கு அது மிகப் பிடித்திருந்தது.

அன்று முதல் அன்னையார் பகல் வெயிலில் தந்தூர் மேடையருகே கயிற்றுக் கட்டிலில் சென்று அமரலானார். அவருக்குப் பஞ்சாபி தெரியாது. பீஜிக்குத் தமிழ் தெரியாது. இவர் ‘பஸ்’ என்று கற்றுக்கொண்டார். அவர் ‘போதும்’ என்று கற்றுக்கொண்டார். ஊருக்குப் போகவேண்டும் என்ற பேச்சு நின்றது. ஓவன் வாங்கியிருந்தால் மாவு புளித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சமையலறைக் கதவுக்குள்ளேயே புளித்திருக்கும்.

கேக்குக்கும் வழி பிறந்தது. பட்டிக்காரரிடம் தகர அச்சும் கலந்த மாவும் கொடுத்தோம். பிஸ்கோத்துத் தட்டுகளுக்கு நடுவே வைத்துச் சுட்டுத் தந்தார். ஒருபுறம் சற்றுச் சாய்ந்திருந்தது. மகள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

மிஞ்சிய போனஸில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, தில்லி மார்க்கத்தில் சிறிது தொலைவிலுள்ள ஜண்டியாலா குருவுக்குச் சென்றோம். மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில் குடியமர்த்தப்பட்ட தட்டேராக்கள் அங்கே பித்தளையும் செம்பும் வெண்கலமும் தட்டிப் பாத்திரம் செய்கின்றனர். அக்கைத்தொழிலை யுனெஸ்கோ 2014-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஈயம் பூசிய பித்தளைப் பானை ஒன்று வாங்கினோம். அன்னையார் அதனைத் தட்டி ஓசை பார்த்து, கும்பகோணத்துப் பாத்திரத்துக்குக் குறைந்ததன்று என்று ஒப்புக்கொண்டார். பொங்கலன்று அடுப்பில் அதுவே ஏறிற்று.

இதே கேள்வி உங்கள் வீட்டிலும் எழக்கூடும். கடைக்குப் போகுமுன் மூன்றை எண்ணிப் பாருங்கள். வாரத்தில் எத்தனை நாள் உலர்ந்த சூட்டில் வேகும் பண்டம் உங்கள் தட்டில் விழுகிறது? வீட்டு மின்கம்பி அச்சுமையைத் தாங்குமா? உங்கள் தெருவில் ஏற்கனவே ஓர் ஓவன் எரிகிறதா? முதலிரண்டுக்கும் விடை சாதகமாயிருந்து மூன்றாவதற்கு இல்லை என்று வந்தால், தயங்காமல் வாங்குங்கள். அடுத்த மாற்றல் எங்களை எவ்வூருக்கு அனுப்புமோ அறியோம். அங்கே தந்தூர் இல்லாவிடில் நாங்களும் ஒன்று வாங்கவே கூடும்.

அதுவரையில் அமிர்தசரஸுக்கு வரும் அன்பர்கள் எங்கள் இல்லத்துக்கும் வரவேண்டுகிறோம். எந்தக் குளிரிலும் இட்லி உண்டு. ஆனால் முதல் நாளே சொல்லிவிடவேண்டும். பீஜி இரவு ஒன்பது மணிக்குத் தந்தூரை மூடிவிடுவார்.